எத்தனை விரல் மழை?

கத்திரி முடிகிற வாரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. சாயந்திரம் ஆறு மணி, கரண்ட் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. அன்றைக்குக் கடல் காற்று வரவே இல்லை. மேற்கேயிருந்து மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் இப்படித்தான், கடல் காற்று தேவனாம்பட்டினத்தைத் தாண்டி உள்ளே வர முடியாமல் நின்றுவிடும். அண்ணன் மகன் பனியனைக் கழற்றிப் பிழிந்துகொண்டே கேட்டான்.

“ராஜஸ்தான்ல 48 டிகிரில நாலு வருஷம் இருந்தவங்க நீங்க. இங்க 38தான். இதுக்குப் போய் இப்படிச் சோர்ந்துட்டீங்களே அத்தை?”

அவன் கேட்டதில் தப்பில்லை. செய்தியில் எண்ணைத்தானே சொல்கிறார்கள். 48 பெரிசு, 38 சின்னது. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து பீரோவுக்கு மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். ராஜஸ்தானில் பர்சிங்சரில் இருந்த நாலு வருஷமும், தினசரி காலண்டர் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் வெயில், காற்று, மழை என்று இரண்டு வரி எழுதி வைப்பேன். அந்தத் தாள்களை மடியில் பரப்பிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மாடியில் அவனிடம் சொல்ல வராத பதில் இது.

எங்க வீட்டுக்காரர் என்எல்சியில் மின்பிரிவு. நெய்வேலியில் இருந்தவருக்கு 2013 ஜூனில் ராஜஸ்தானுக்கு மாற்றல் வந்தது. பீகானேர் பக்கத்தில் பர்சிங்சர் என்ற ஊரில் கம்பெனிக்கு ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. நெய்வேலி சுரங்கத்தில் கீழே ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக மோட்டார் வைத்து இறைத்தால்தான் வேலை நடக்கும். பர்சிங்சரில் தண்ணீர் வேண்டுமென்றால் பஞ்சாபில் ஹரிகேயில் கிளம்பி வருகிற இந்திரா காந்தி கால்வாயைப் பார்க்க வேண்டும். அதே கரி, அதே கம்பெனி, ஆனால் தண்ணீர் மட்டும் தலைகீழ்.

எனக்குப் போவதில் வருத்தமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடிகாலையில் தானே புயல் கரையைக் கடந்தது எங்கள் தலைக்கு மேலேதான். அம்மா வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்து போனதைச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தோம். பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு கிடந்தன. கடலூரில் பிறந்தவளுக்கு வானத்தைப் பார்த்தால் வருகிற பயமெல்லாம் தண்ணீரும் காற்றும்தான். மழையே இல்லாத ஊராம், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் ரயில். பீகானேர் ஸ்டேஷனில் இறங்கியபோது பகல் ஒரு மணி. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் அடிக்குமே, அந்த அனல் காற்றாக வீசியது. அதற்கு லூ என்று பெயர். கண்ணிமை உள்பக்கம் வரை காய்ந்தது. ஆனால் வேர்க்கவே இல்லை! கடலூரில் மே மாதம் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அங்கே துணி மொடமொடவென்று கஞ்சி போட்டதுபோல் இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்து ரவிக்கையைக் கழற்றிப் பார்த்தால் அக்குளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. வேர்த்திருக்கிறது. சுரக்கச் சுரக்கக் காற்று குடித்துவிட்டிருக்கிறது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாபிதான் முதலில் அதைச் சொன்னார். பாபி என்றால் இந்தியில் அண்ணி. அவர் நோக்கா பக்கத்துக் கிராமத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஒரு செம்பு நிறைய மோர், வறுத்த சீரகமும் உப்பும் போட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் நீட்டினார். “தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே பெஹன். இங்கே தாகம் தாமதமாகத்தான் வரும். அதற்குள் தலை சுற்றிவிடும்.” ஆண்கள் சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொண்டு போவார்கள், லூ அண்டாதாம். நான் அதை நம்பவில்லை. மோரையும் உப்பையும் நம்பினேன், தலையில் சுற்றிய துணியையும். அந்த ஊரில் உடம்பை மூடினால்தான் குளிர்ச்சி. கை முழுக்க, கழுத்து முழுக்க, வெள்ளைப் பருத்தி.

அப்புறம் அந்த வெப்பமானி விஷயம். அண்ணன் மகனுக்கு நான் சொல்ல நினைத்ததில் பாதி இதில் இருக்கிறது.

இவருக்கு எதையும் அளந்து பார்த்தாக வேண்டும். கோட் கேட் கடைவீதியில் ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்கி வந்து பின்வராந்தா நிழலில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். ஒன்றை அப்படியே விட்டார். இன்னொன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, துணியின் வால் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடக்கும்படி வைத்தார். மே மாதப் பகல் இரண்டு மணி. காய்ந்தது 45 காட்டியது. ஈரத் துணி சுற்றியது 22! நான் அது கெட்டுப்போன வெப்பமானி என்றேன். இவர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். அப்போதும் அதே கதை. “இந்தத் துணிதான் நம்ம தோல். வேர்வை காய்ஞ்சா தோல் எவ்வளவு வரைக்கும் குளிர முடியும்னு இது காட்டுது” என்றார்.

2017இல் ஊருக்குத் திரும்பி வந்ததும் அதே இரண்டையும் மஞ்சக்குப்பம் வீட்டுப் பின்கட்டில் மாட்டினோம். ஒரு மே மாத மத்தியானம், காய்ந்தது 38. ஈரத் துணி 29. அதைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் நின்றேன். பாலைவனத்தைவிட ஏழு டிகிரி குறைவான நாளில், என் தோலுக்குக் கிடைக்கிற குளிர்ச்சி ஏழு டிகிரி மோசம். காற்றில் ஏற்கனவே கடல் இருக்கிறது, என் வேர்வையை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. ஈரத் துணிக் கணக்கு 35ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆரோக்கியமான ஆளே தாங்க மாட்டார் என்பது ஏட்டுக் கணக்கு. வேலை செய்கிற உடம்பு அதற்கு ரொம்ப முன்னாலேயே விழுந்துவிடும். வானிலைத் துறையும் இதை யோசித்துத்தான் வைத்திருக்கிறது. சமவெளியில் 40ஐத் தொட்ட பிறகுதான் வெப்ப அலையா என்று பார்ப்பார்கள், கடலோரத்துக்கு 37லேயே பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அதனால் முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவரிடம், மாடியில் கான்கிரீட் போடுகிற சித்தாளிடம் யாரும் “38தானே” என்று சொல்லாதீர்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது.

அதற்காகப் பாலைவனத்து வெயில் லேசு என்று சொல்ல வரவில்லை. 2016 மே 19 தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: “பலோடி 51. ராத்திரி 11 மணிக்குக் குழாய்த் தண்ணீர் கை வைக்க முடியவில்லை. மயில் வாயைத் திறந்தபடி கொட்டகைக்குள் வந்து நின்றது.” பலோடி எங்களுக்குத் தென்மேற்கே இருக்கிற ஊர். 1956இல் அல்வரில் பதிவான 50.6தான் அதுவரை நாட்டிலேயே அதிகம். அதை அந்த ஊர் தாண்டிவிட்டது என்று டிவியில் சாதனைபோலச் சொன்னார்கள். பாபி டிவியை அணைத்துவிட்டு, வேப்பமரத்தில் பறவைகளுக்குக் கட்டியிருந்த மண்சட்டிகளில் மூன்றாவது தடவையாகத் தண்ணீர் ஊற்றப் போனார். அந்தச் சட்டிக்கு அங்கே பரிண்டா என்று பேர். வீட்டுக்கு வீடு தொங்கும். குடிக்கிற தண்ணீரை லாரிக்காரரிடம் காசு கொடுத்து வாங்குகிற வீட்டிலும் தொங்கும்.

கூலரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தகரப் பெட்டி, உள்ளே ஒரு பெரிய ஃபேன், மூன்று பக்கமும் ஈரமான தட்டி. ஒரு சின்ன மோட்டார் தண்ணீரைத் தட்டி மேல் சொட்டவிட்டுக்கொண்டே இருக்கும். 45 டிகிரிக் காற்று அதன் வழியாக உள்ளே வரும்போது 27, 28க்கு வந்துவிடும். ஏசி தேவையே இல்லை. இவர் ஒரு நாள் கூலர் தட்டியைப் பிரித்து மாற்றும்போது எனக்கு ஒரு வாசனை அடித்தது. அப்படியே நின்றுவிட்டேன். வெட்டிவேர்! அங்கே அதற்குக் கஸ் என்று பேர். எங்கள் நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கம் கடலோர மணலில் பயிராகிற அதே வேர். சின்ன வயதில் அப்பா கட்டாக வாங்கி வந்து பானைத் தண்ணீரில் போடுவார். கடலை விட்டு அவ்வளவு தூரம் வந்து, மணல் காட்டுக்கு நடுவில், ஒரு தகரப் பெட்டி என் அப்பாவின் பானையை மணக்க வைத்தது. அன்றைக்குத் தாளில் வெயில் எழுதவில்லை, “வெட்டிவேர்” என்று மட்டும் இருக்கிறது.

முதல் கோடையிலேயே வடகம் போட்டேன். இவ்வளவு வெயிலை வீணாக விடுகிற கடலூர்க்காரி உண்டா? அரிசிக் கூழ் கிண்டி, பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சை எல்லாம் போட்டு, விடிகாலை ஐந்து மணிக்கு மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்தேன். ஊரில் மூன்று நாள் காய வேண்டும், ராத்திரி கடல் ஈரம் ஏறிக்கொண்டு மறுநாள் திரும்பக் காய வேண்டும். அங்கே பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் வேட்டியிலிருந்து தானாக விட்டுக் கலகலவென்று கிடந்தது. சந்தோஷமாக ஒன்றை எடுத்தேன், கையிலேயே பொடிந்தது. வெளித்தோல் ஓடாகிப் போய், உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, அப்புறம் அதுவும் வெடித்துவிட்டிருக்கிறது. பாபி வந்து பார்த்துவிட்டு, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு நிழலும் வெயிலுமாகக் காய வைக்கச் சொன்னார். அவர் பாசிப்பருப்பை அரைத்துக் கிள்ளிப் போடுகிற மங்கோடி அப்படித்தான் காய்கிறது. இரண்டாவது தடவை வடகம் நன்றாக வந்தது. பாதியை அவருக்குக் கொடுத்தேன். கம்பு மாவை மோரில் காய்ச்சி ராப்டி என்று ஒரு கிண்ணம் கொடுத்தார். குடித்துப் பார்த்தால் நம் கம்பங்கூழ்.

மூன்றாவது தடவை பிழிந்த வடகத்தைத்தான் ஆந்தி என்கிற புழுதிப் புயல் கொண்டுபோனது.

ஜூன் இரண்டாவது வாரம், 2014. மத்தியானம் மூன்றரை மணி. லூ சட்டென்று நின்றது. நாள் முழுக்க ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்த காற்று நின்றால் காது அடைத்ததுபோல் இருக்கும். மாடிக்குப் போனேன். ஒரு குருவி சத்தம்கூட இல்லை. மேற்கே அடிவானத்தில் ஒரு மலை நின்றது. அந்தப் பக்கம் மலையே கிடையாது. பழுப்பு மஞ்சளில், மேலே கறுப்பாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சுவர். அது நகர்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கீழே இருந்து பாபி என் பேரைச் சொல்லிக் கத்தினார். வேட்டியின் ஒரு முனையைப் பிடித்ததுதான் தெரியும். அடுத்த நிமிஷம் வேட்டி என் கையில் இல்லை. பகல் போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஒன்பது வயதுப் பையன் உள்ளே தனியாக இருக்கிறான் என்பது மட்டும்தான் மனசில்.

உள்ளே இவர் சொல்லிக்கொடுத்தபடி அவன் கதவு இடுக்கில் ஈரத் துண்டை அடைத்துவிட்டு மேஜைக்கு அடியில் இருந்தான். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்தோம். மூடிய ஜன்னல் வழியாகவும் மாவு சலித்ததுபோல் புழுதி இறங்கியது. கால் மணி நேரம் கழித்துக் கூரையில் டொப் டொப் என்று நாலைந்து சத்தம். கதவைத் திறந்து பார்த்தோம். மழை என்று சொல்ல முடியாது, சேறு விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பழுப்பு வட்டம். ஐந்து நிமிஷத்தில் அதுவும் நின்றது. ஆனால் வெப்பமானி 44இலிருந்து 30க்கு இறங்கியிருந்தது. பையன் வாசலில் நின்று கையை விரித்து, “அம்மா, ஏசி போட்ட மாதிரி இருக்கு” என்று சுற்றினான்.

அவர்கள் அதைக் காலி பீலி ஆந்தி என்பார்கள், கறுப்பு மஞ்சள் புயல். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த இவர் விளக்கினார். எங்கேயோ தூரத்தில் இடிமேகம் கட்டியிருக்கும். மழை விழும், ஆனால் கீழே இருக்கிற காற்று அவ்வளவு காய்ந்தது என்பதால் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஆவியாகும்போது காற்று குளிரும், குளிர்ந்த காற்று கனம், தொபீரென்று கீழே விழும், விழுந்து நாலு பக்கமும் ஓடும். ஓடுகிற வழியில் இருக்கிற மணலையெல்லாம் தூக்கிக்கொண்டு வரும். கூலரில் நடக்கிற அதே வேலைதான், வானம் அளவுக்குப் பெரிசு. தரையைத் தொடாத மழை, குளிர்ச்சியை மட்டும் அனுப்பி வைக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது. ஆனால் இதுவே ஆளையும் கொல்லும். நாங்கள் திரும்பி வந்த பிறகு, 2018 மே 2 அன்று கிழக்கு ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அடித்த புழுதிப் புயலில் சுவரும் மரமும் விழுந்து நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அன்றைக்குப் பாபி போனை எடுக்கும்வரை எனக்கு உயிரில்லை. அவர் இருப்பது மேற்கே என்று தெரியும், தெரிந்தும் அப்படித்தான் இருந்தது.

நமக்குக் கத்திரி மாதிரி அவர்களுக்கு நௌதபா. சூரியன் ரோகிணிக்கு வருகிற மே 25 வாக்கில் தொடங்கி ஒன்பது நாள். நம் கத்திரி பரணியில் ஆரம்பித்து ரோகிணி முதல் பாதத்தோடு முடிகிறதே, அங்கே நாம் விடுகிற இடத்தில் அவர்கள் பிடிக்கிறார்கள். அந்த ஒன்பது நாளில் மேகம் வந்தால் பாபியின் மாமியார் முகம் சுருங்கும். நன்றாகக் காய்ந்தால்தான் மழை இழுக்குமாம். மண் சூடேறினால் அங்கே காற்றழுத்தம் குறையும், அது கடல் காற்றை இழுக்கும் என்று பாடப் புத்தகத்திலும் படித்திருக்கிறேன். ஒன்பது நாள் கணக்கு சரியோ தப்போ, அந்தப் பாட்டி மேகம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். 47 டிகிரியில்.

மழை எல்லாருக்கும் வந்த பிறகு கடைசியாகத்தான் அங்கே வரும். கேரளாவில் ஜூன் 1 என்றால், நாடு முழுக்கப் பரவி முடிக்கிற கடைசி மூலை மேற்கு ராஜஸ்தான். நாங்கள் இருந்தபோது அதற்கு ஜூலை 15 என்று கணக்கு, 2020இலிருந்து ஜூலை 8 என்று மாற்றியிருக்கிறார்கள். திரும்பிப் போவதும் அங்கிருந்துதான் முதலில். கடலூரில் ஒரே நாளில் பெய்து பார்த்திருக்கிறேன் அவர்களுடைய ஒரு வருஷ மழையை. அங்கே வருஷம் முழுக்கவே 250, 300 மில்லிமீட்டர்தான்.

அதை வைத்து எப்படி வாழ்கிறார்கள் என்று நோக்கா பக்கத்தில் இருக்கிற பாபியின் கிராமத்து வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். முற்றத்துக்கு வெளியே தரையை வழவழவென்று சரிவாக மெழுகி, நடுவில் ஒரு கிணறு மாதிரி. மூடி போட்டுப் பூட்டு! டாங்கா என்று பேர். பெய்கிற ஒவ்வொரு சொட்டும் அந்தச் சரிவில் ஓடி உள்ளே போகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். பத்துக்குப் பத்து மீட்டர் சரிவில் 250 மில்லிமீட்டர் பெய்தால், முழுசாகச் சேர்ந்தால், 25,000 லிட்டர். பாட்டி அந்தச் சரிவில் செருப்போடு யாரையும் கால் வைக்க விடமாட்டார். என்னையும் விடவில்லை. பூஜை அறைக்குப் போவதுபோல் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

அவர்கள் வயலில் ஒரு மரம் தனியாக நின்றது. இலை சிறுசு, முள், கிளை வெட்டி வெட்டி முண்டாகிப் போன உடம்பு. கேஜ்ரி, ராஜஸ்தானின் மாநில மரம். 1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில் இந்த மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்று பாபி சொன்னார். காயைப் பறித்து உலர்த்தி வைத்து வருஷம் முழுக்கச் சமைப்பார்கள். நான் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விருத்தாசலம் கோயிலில் நான் சுற்றி வந்த வன்னி மரம்! விருத்தகிரீஸ்வரருக்குத் தல விருட்சம். பாபிக்கு அதைச் சொன்னதும், அவர் என்னைவிட ஆச்சரியப்பட்டு, “உங்கள் ஊர் சிவனும் எங்கள் மரத்தடியில்தான் இருக்கிறாரா” என்று கேட்டார். ஆனால் இடி இடிக்கும்போது மட்டும் அதன் அடியில் நிற்காதே என்று கூடவே சொன்னார். கண்ணுக்கெட்டிய தூரம் சமமான மணல், மின்னலுக்கு அந்த மரமும் மனுஷனும்தான் உயரம்.

2015 ஜூலையில் முதல் மழை வந்த அன்றைக்கு நாங்கள் அந்தக் கிராமத்தில்தான் இருந்தோம். அதற்கு முந்தின பத்து நாள்தான் அந்த ஊரில் நான் பட்டதிலேயே கொடுமை. வெப்பம் 40க்கு இறங்கிவிட்டது, ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிட்டது. கூலர் போட்டால் ஈரக் காற்றை மூஞ்சியில் துப்பும், குளிராது. வேர்வை வழிந்து முழங்கையில் சொட்டியது. நான் பாபியிடம், “இப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்த மாதிரி இருக்கிறது” என்றேன். 47ஐச் சிரித்துக்கொண்டே கடந்தவர் அன்றைக்குத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, “இதிலா வருஷம் முழுக்க இருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு மேகம் தென்கிழக்கே கறுத்தது. முதலில் வழக்கம்போலப் புழுதி. அப்புறம் இடி. சுற்றிலும் தடுப்பதற்கு ஒன்றுமில்லாத தரையில் இடி உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருந்தது. மழை விழுந்ததும் யாரும் உள்ளே ஓடவில்லை. எங்கள் ஊரில் முதல் சொட்டுக்கு மாடியில் துணி எடுக்க ஓடுவோம். அங்கே பாட்டி, கட்டிலிலிருந்து எழுந்து, கைத்தடி இல்லாமல், முற்றத்துக்கு வந்து முகத்தை மேலே தூக்கி நின்றார். குழந்தைகள் டாங்காவின் வாயில் காதை வைத்து உள்ளே விழுகிற சத்தத்தைக் கேட்டார்கள். என் பையனும் படுத்துக் காதை வைத்தான். நானும் வைத்தேன். கூரை ஓட்டில், தகரத்தில், தென்னங்கீற்றில் மழைச் சத்தம் கேட்டிருக்கிறேன். பூமிக்குள் விழுகிற மழைச் சத்தம் அதுதான் முதல் தடவை.

நாற்பது நிமிஷம் பெய்தது. நின்றதும் பாட்டியின் மகன் வயலுக்குப் போய்க் கையால் மணலைத் தோண்டினார். ஈரம் எவ்வளவு ஆழம் என்று விரலைப் படுக்க வைத்து அளந்தார். “ஆறு விரல்” என்று கத்தினார். கம்பும் நரிப்பயறும் விதைக்கலாம். இன்னும் நாலு விரல் வேண்டும் என்றார் பாட்டி, ஆனால் சிரித்துக்கொண்டு. மறுநாள் காலையில் அந்த மணல் முழுக்கச் சிவப்பு வெல்வெட் பொட்டுகள் நகர்ந்தன. சின்ன வயதில் கேப்பர் மலைச் செம்மண்ணில் மழை விட்டதும் தீப்பெட்டியில் பிடித்து வைப்போமே, அதே தம்பலப்பூச்சி. பழந்தமிழில் மூதாய் என்று அதற்குப் பேர். பாபி தீஜ் என்றார், ஆடி ஆவணியில் அவர்கள் ஊஞ்சல் கட்டி ஆடுகிற பண்டிகைக்கும் அதே பேர்.

அந்த வருஷமே நவம்பரில் அம்மா போன் செய்தார். கெடிலம் கரை தாண்டிவிட்டது, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டேன் என்றார். நான் நின்றிருந்த முற்றத்தில் மூன்று மாதமாக ஒரு சொட்டு விழவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டு, பாபியிடம் எங்கள் ஊரில் வெள்ளம் என்று எப்படியோ சொன்னேன். “மழைக்கு அழலாமா” என்று அவர் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 2006 ஆகஸ்டில் பாட்மேர் பக்கம் கவாஸ் கிராமம் மூழ்கியதைச் சொன்னார். வருஷத்துக்கே 277 மில்லிமீட்டர் பெய்கிற பகுதியில் மூன்று நாளில் அதைப்போல இரண்டு பங்கு. மணலுக்குக் கீழே ஜிப்சம் படுகை, தண்ணீர் இறங்கவே இல்லை, வாரக் கணக்கில் ஏரியாக நின்றது. பாலைவனத்தில் ஆட்கள் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள். அவருடைய சித்தி வீடு அங்கேதான். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். மாடியில் அண்ணன் மகன் கேட்ட நாளிலிருந்து நாலாவது நாள். மத்தியானம் முழுக்க மேல்காற்று, சாயந்திரம்தான் கடல் காற்று நுழைந்தது. இரண்டும் மோதிக்கொள்கிற நாளில் நெய்வேலிப் பக்கமோ விருத்தாசலம் பக்கமோ மேகம் கட்டும், ராத்திரி கடலைப் பார்க்க வரும். ஒன்பதரைக்கு மேற்கே மின்னல். பத்து மணிக்கு வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, புழுதி வாசனை, உடனே மழை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. வெப்பமானியைப் போய்ப் பார்த்தேன், 25. இவர் ஈரத் துணி வெப்பமானியைப் பார்த்தார், அதுவும் கிட்டத்தட்ட அங்கேயேதான் இருந்தது.

பாபிக்குப் போன் செய்தேன். அவர்கள் ஊரில் நௌதபா நடந்துகொண்டிருந்தது, முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். பாட்டி போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே மழை என்றேன். போனை வெளியே நீட்டு, சத்தம் கேட்கட்டும் என்றார். நீட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “எத்தனை விரல்?” என்றார்.

அண்ணன் மகனை டார்ச் பிடிக்கச் சொல்லி, முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து மண்ணைத் தோண்டினேன். அவன் எதுவும் கேட்காமல் வெளிச்சம் காட்டினான். விரலைப் படுக்க வைத்து ஒவ்வொன்றாக அளந்தேன்.

“எட்டு” என்றேன் போனில்.

“விதைத்துவிடு” என்றார்.